வானவில் மலையைக் கடைசியில் வையுங்கள்

சென்னையிலிருந்து மலைப் பயணங்கள் நடத்தும் சுற்றுலா ஏற்பாட்டாளர்கள் அனைவருக்கும்,

வணக்கம்.

ராயபுரம் கல்மண்டபத்துக்குப் பக்கத்தில் நான் காலையில் டீ குடிக்கும் கடையின் சுவரில் போன வாரம் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. தென் அமெரிக்காவில் இருக்கும் பெரு நாட்டுக்கு 12 நாள் பயணம். பாதிப் பக்கத்துக்கு வானவில் மலையின் படம். அதற்குக் கீழே நாள்வாரியாகத் திட்டம்: முதல் நாள் லிமா, இரண்டாம் நாள் குஸ்கோ, மூன்றாம் நாள் அதிகாலை வானவில் மலை. இதே வரிசையில்தான் போன வருடம் நானும் என் அக்காவும் மாமாவும் போனோம். எங்களை அழைத்துப் போனது வேறு நிறுவனம். ஆனால் திட்டம் அச்சு அசலாக அதே திட்டம். அதனால்தான் ஒரு நிறுவனத்துக்கு மட்டும் எழுதாமல் உங்கள் எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் நாங்கள் யார் என்று சொல்லிவிடுகிறேன். நான் துறைமுகத்தில் 34 வருடம் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவன். மாமா, அதாவது அக்கா வீட்டுக்காரர், பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப்பில் வெல்டராக இருந்தவர். அக்கா மாநகராட்சிப் பள்ளியில் ஆசிரியையாக இருந்தவள். மூன்று பேருக்கும் அறுபது தாண்டிவிட்டது. மாமாவுக்கு மலை என்றால் உயிர். வெள்ளியங்கிரியில் ஏழு மலையும் பல தடவை ஏறியவர். 1949-ல் தி.மு.க. தொடங்கிய ராபின்சன் பூங்காவில், இன்றைய அண்ணா பூங்காவில், மழை நாள் தவிர எல்லா நாளும் காலையில் நடப்பவர். சர்க்கரை இல்லை, ரத்த அழுத்தம் இல்லை. அந்த வானவில் மலைப் படத்தை மூன்று வருடமாகக் கைபேசியின் முகப்பில் வைத்திருந்தார். அக்கா இரண்டு சீட்டு எடுத்த பணமும் என் ஓய்வுப் பணத்தில் ஒரு பங்கும் சேர்ந்துதான் அந்தப் பயணம்.

அந்த மலையின் பெயர் வினிகுன்கா. உயரம் 5,036 மீட்டர். இந்த எண் உங்கள் நோட்டீஸில் எங்கேயும் இல்லை. எங்களுக்குக் கொடுத்த பயணத் திட்டத்திலும் இல்லை. "எளிதான நடை, 3 மணி நேரம்" என்று மட்டும் இருந்தது. எளிதான நடைதான். ராயபுரத்திலிருந்து வண்ணாரப்பேட்டை வரை நடக்கிற தூரத்தைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். ஆனால் அந்த நடை தொடங்கும் இடமே ஏறக்குறைய 4,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டின் மிக உயரமான சிகரம் தொட்டபெட்டா 2,637 மீட்டர். அதன் உச்சியில் இன்னொரு தொட்டபெட்டாவைத் தூக்கி வைத்தால் வருகிற உயரத்துக்குக் கொஞ்சம் கீழேதான் வானவில் மலையின் பார்வையிடம். எங்கள் தெரு கடல் மட்டத்திலிருந்து சில மீட்டர்தான். புயல் மழைக்கு வீட்டு வாசலில் தண்ணீர் நிற்கும். நான் வாழ்நாளில் தினமும் ஏறிய அதிகபட்ச உயரம் கிரேன் கேபின்.

இப்படிப்பட்ட எங்களை என்ன செய்தீர்கள் என்று மணிக்கணக்கில் சொல்கிறேன். லிமா கடற்கரை நகரம். பக்கத்திலேயே கயாவ் துறைமுகம். விமானம் இறங்கும்போது கிரேன்களைப் பார்த்து ஊர் ஞாபகம் வந்தது. அன்று இரவு அங்கே தூங்கினோம். மறுநாள் காலை விமானம் ஏறி ஒன்றே கால் மணி நேரத்தில் குஸ்கோ. அது 3,399 மீட்டர். சாப்பிட்டவுடன் ஊர் சுற்றிக் காட்ட வேன் வந்தது. சக்சாய்வாமான் என்ற கல்கோட்டைக்கு, அந்தக் காலத்தில் அங்கே ஆண்ட இன்காக்கள் கட்டியதற்கு, ஏற்றினார்கள். அது 3,700 மீட்டர். அந்தக் கற்கள் ஒவ்வொன்றும் சின்ன லாரி அளவு, சாந்தே இல்லாமல் ஒன்றோடொன்று பொருத்தியிருக்கிறார்கள். மாமா வெல்டர் கண்ணோடு இணைப்புகளைத் தடவித் தடவிப் பார்த்தார். அன்று இரவே அவருக்குத் தலைவலி. சாப்பாடு வேண்டாம் என்றார். "தலைக்குள்ள யாரோ சுத்தியல் அடிக்கிற மாதிரி இருக்குடா" என்றார். விடுதியில் கோக்கா இலை டீ கொடுத்தார்கள். எங்களோடு சென்னையிலிருந்து வந்த பொறுப்பாளர், இங்கே எல்லோருக்கும் இப்படித்தான் இருக்கும், காலையில் சரியாகிவிடும் என்றார். விடியற்காலை 3 மணிக்குக் கதவைத் தட்டினார்கள்.

கடல் மட்டத்தில் தூங்கி எழுந்து, அடுத்த நாள் காலை 8 மணிக்குள் 4,600 மீட்டரில் நின்றோம். முழுதாக ஒன்றரை நாள்கூட ஆகவில்லை.

அந்த உயரத்தில் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்பதை நான் பிறகு தெரிந்துகொண்டேன். கிளம்பும் முன்பே நீங்கள் சொல்லியிருக்க வேண்டிய விஷயம் இது. காற்றில் ஆக்சிஜனின் பங்கு மேலேயும் கீழேயும் ஒன்றுதான், நூற்றில் 21. குறைவது காற்றின் அழுத்தம். குஸ்கோவில் அது கடல் மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்கு. 5,000 மீட்டரில் ஏறக்குறைய பாதி. அதனால் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் பாதிதான். உடம்பு உடனே மூச்சை வேகப்படுத்துகிறது. அப்படி வேகமாக மூச்சு விட்டால் ரத்தத்தின் காரத் தன்மை ஏறும். அதைச் சிறுநீரகம் வெளியேற்றிச் சமன் செய்ய வேண்டும். அந்த வேலைக்குச் சில நாட்கள் ஆகும். புதிய சிவப்பணுக்கள் போதிய அளவு உண்டாக வாரக்கணக்கில் ஆகும். எவ்வளவு பணம் கட்டியிருந்தாலும் இதை ஒரு ராத்திரியில் முடிக்க முடியாது. தினமும் பூங்காவில் பத்துச் சுற்று நடப்பவர் என்பதாலும் முடியாது. உடல் வலு உள்ளவருக்கு மலை நோய் வராது என்று ஒரு விதியும் இல்லை. சொல்லப்போனால் வலுவானவர்கள் வேகமாக ஏறிவிடுவதால் அவர்களுக்கே அதிகம் வருவதும் உண்டு.

3,000 மீட்டருக்கு மேலே போனால், தூங்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது, மூன்று நான்கு நாளைக்கு ஒரு நாள் கூடுதலாக அதே உயரத்தில் தங்க வேண்டும். மலை மருத்துவம் படித்தவர்கள் சொல்லும் பொது விதி இது. உங்கள் திட்டம் இரண்டாம் ராத்திரியிலேயே எங்களைக் கடல் மட்டத்திலிருந்து 3,399 மீட்டரில் தூங்க வைத்தது.

சரி, அன்று நடந்ததைச் சொல்கிறேன். நடை தொடங்கி இருபது நிமிடம் இருக்கும். மாமா பேசுவதை நிறுத்திவிட்டார். அக்கா தண்ணீர் கொடுத்தாள், குடித்தவுடன் வாந்தி எடுத்தார். குஸ்கோவைச் சேர்ந்த எங்கள் வழிகாட்டிப் பெண் பின்னாலேயே வந்துகொண்டிருந்தார். மாமா கொஞ்சம் பக்கவாட்டில் சாய்ந்து நடப்பதைப் பார்த்து அவரை நிறுத்தி, ஒரு காலின் குதிகாலை இன்னொரு காலின் விரல் நுனியில் ஒட்டி வைத்து நேர்க்கோட்டில் நடக்கச் சொன்னார். மூன்றாவது அடியில் மாமா என் மேல் விழுந்தார். ஒரு சொட்டுக் குடிக்காத மனிதர். அந்தப் பெண் அதற்கு மேல் ஒரு வார்த்தை விவாதிக்கவில்லை. இறங்க வேண்டும், இப்போதே, என்றார்.

எங்கள் பொறுப்பாளர் ஒத்துக்கொள்ளவில்லை. பாராசிட்டமால் போட்டு அரை மணி உட்காரட்டும், இன்னும் கொஞ்ச தூரம்தானே, இவ்வளவு செலவு செய்து வந்திருக்கிறாரே என்றார். அவர் கெட்ட மனிதர் இல்லை. அன்று காலை வரை அவரும் எங்களைப் போலவே தலைவலியோடு இருந்தவர்தான். அவருக்கு யாரும் எதையும் சொல்லித் தரவில்லை. இதை உங்கள் மேல்தான் வைக்கிறேன். தள்ளாட்டம் என்பது மூளையில் வீக்கம் தொடங்கியதற்கான அடையாளம். குழப்பமாகப் பேசுவதும் அப்படித்தான். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால் நுரையீரலில் நீர் கோக்கத் தொடங்கியிருக்கலாம். இவை வந்துவிட்டால் மேலே போகிற ஒவ்வொரு அடியும் உயிருக்கு ஆபத்து. மருந்தும் ஆக்சிஜனும் நேரம் வாங்கித் தரும், ஆனால் காப்பாற்றுவது கீழே இறங்குவதுதான். இந்த நான்கு வரி தெரியாத ஒருவரை 14 பேருக்குப் பொறுப்பாக்கி 5,000 மீட்டருக்கு அனுப்பியிருந்தார்கள்.

அந்த மலைப் பாதையில் ஊர்க்காரர்கள் குதிரை வைத்துக்கொண்டு நிற்பார்கள். ஒருவர் மாமாவைத் தூக்கி உட்காரவைத்து, ஒரு கையால் கடிவாளத்தையும் ஒரு கையால் அவர் இடுப்பையும் பிடித்துக்கொண்டு ஓட்டமாகவே இறங்கினார். காலில் டயர் செருப்பு. பழைய டயரை வெட்டித் தைத்த செருப்பு, ஒரு காலத்தில் நம் துறைமுகக் கூலியாட்கள் போட்டிருந்தார்களே, அதே செருப்பு. அந்தக் குளிரில் வெறுங்கால் விரல்கள் தெரிய அவர் ஓடியதை நான் மறக்க மாட்டேன். வேனில் ஆக்சிஜன் வைத்தார்கள். குசிபாட்டா என்ற ஊர் வரைக்கும், அதாவது 3,300 மீட்டர் வரைக்கும் இறங்கியதும் மாமா கண்ணைத் திறந்து, "அக்கா எங்கடா?" என்றார். அவருக்கு அவள் அக்கா இல்லை, மனைவி. நான் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டுச் சொல்கிறார் என்று நினைத்துப் பயந்தேன். குஸ்கோ மருத்துவமனையில் மூளை வீக்கத்தைக் குறைக்கும் டெக்சாமெத்தசோன் ஊசி போட்டார்கள், ஆக்சிஜனில் ஒரு நாள் வைத்தார்கள். பிறகு 2,870 மீட்டரில் இருக்கும் உருபாம்பா பள்ளத்தாக்குக்கு இறக்கிவிடச் சொன்னார்கள். அங்கே இரண்டாவது நாள் மாமா தானாக எழுந்து நடந்தார், சோறு கேட்டார். எங்கள் குழுவில் மீதி 11 பேரில் 6 பேர் அன்று பாதி வழியிலேயே திரும்பியதாகப் பிறகு சொன்னார்கள். அவர்களில் யாருக்கும் மாமா அளவுக்கு மோசமாகவில்லை.

இனிமேல் சொல்வதுதான் இந்தக் கடிதத்தை எழுத வைத்தது.

பயணத்தின் 10-ஆம் நாள் எல்லோருக்கும் குஸ்கோவில் ஓய்வு. அதற்குள் நானும் அக்காவும் உருபாம்பாவில் மூன்று இரவு தூங்கியிருந்தோம். இன்காக்களின் பழைய மலை நகரமான மச்சு பிச்சு போய் வந்திருந்தோம். மச்சு பிச்சு 2,430 மீட்டர்தான், தொட்டபெட்டாவைவிடத் தாழ்வு. பிறகு குஸ்கோவில் இரண்டு இரவு. தலைவலி என்ற ஒன்றே இல்லை. மாமாதான், "ரெண்டு பேரும் போய்ப் பார்த்துட்டு வாங்க, நான் இங்க இருக்கேன்" என்றார். அவரை விட்டுப் போக அக்காவுக்கு மனமில்லை. அவர் விடவில்லை. அந்த வழிகாட்டிப் பெண்ணையே கூப்பிட்டு எங்கள் சொந்தச் செலவில் கிளம்பினோம்.

அதே மலை. அதே பாதை. அதே இரண்டு உடம்பு, அதே வயது. முப்பது அடி நடப்போம், நிற்போம். மூச்சு வாங்கியது, ஆனால் நின்றால் திரும்பி வந்தது. ஏழு நாட்களுக்கு முன்னால் நின்றாலும் திரும்பி வராமல் இருந்த மூச்சு. மேலே போகும்போது இரண்டு பக்கமும் அல்பாக்கா மந்தைகள் மேய்ந்தன. அக்கா வழியெல்லாம் அந்தப் பெண்ணிடம் கேள்வி கேட்டுக்கொண்டே வந்தாள். கடைசிச் செங்குத்தான ஏற்றத்துக்குக் குதிரை வராது, எல்லோரும் நடக்கத்தான் வேண்டும். அதை ஏறி முடித்துத் திரும்பிப் பார்த்தோம்.

அந்த மலையைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்ல வேண்டும். ஏனென்றால் உங்கள் நோட்டீஸில் இருக்கும் படம் அது இல்லை. உங்கள் படத்தில் நிறங்கள் கோலப்பொடி மாதிரி பளீரென்று இருக்கின்றன. நேரில் அப்படி இருக்காது. நேரில் இருப்பது ஓட்டுச் சிவப்பு, கடுகு மஞ்சள், பாசி படிந்த மாதிரி ஒரு பச்சை, சுண்ணாம்பு வெள்ளை, வெளுத்துப்போன இளஞ்சிவப்பு. மலையின் முதுகிலிருந்து சரிவு வரைக்கும் பட்டை பட்டையாக இறங்குகின்றன. மேகம் போனால் பட்டைகள் துலங்குகின்றன, மேகம் வந்தால் மங்குகின்றன. மூச்சு விடுவது மாதிரி இருந்தது. தூரத்தில் 6,384 மீட்டர் அவுசங்காதே, முழுக்கப் பனி.

சிவப்பு என்ன என்று கேட்டேன். இரும்பு ஆக்சைடு என்றார் அந்தப் பெண். அதாவது துரு. மஞ்சள்? அதுவும் இரும்புதான், கந்தகத்தோடு சேர்ந்தது. பச்சை, இரும்பும் மக்னீசியமும் கலந்த களிமண். வெள்ளை, குவார்ட்ஸ் மணலும் சுண்ணாம்பும். கோடிக்கணக்கான வருடங்களுக்கு முன்னால் கடலடியிலும் ஏரியிலும் ஆற்றிலும் ஒன்றின் மேல் ஒன்றாகப் படிந்த வண்டல் அது. பசிபிக் கடலடியில் இருக்கும் நாஸ்கா தட்டு தென் அமெரிக்கத் தட்டுக்குக் கீழே நுழைந்து நெருக்க நெருக்க, அந்த அடுக்குகள் மடிந்து, சாய்ந்து, ஆண்டிஸ் மலையோடு மேலே வந்துவிட்டன. மழையும் காற்றும் மேலே இருந்ததை அரித்து எடுத்ததும் உள்ளே இருந்த கோடுகள் வெளியே தெரிந்தன. 34 வருடம் நான் கப்பல் தகடுகளில் துருவைப் பார்த்திருக்கிறேன். அதைச் சுரண்டி எடுக்கத்தான் ஆள் வைப்போம். அதே துரு ஒரு மலையாக நின்றதைப் பார்த்தபோது கைகூப்பத்தான் தோன்றியது. அக்கா அழுதுவிட்டாள். அவர் பார்க்க வேண்டியதுடா இது என்றாள்.

மூன்று வருடம் அந்தப் படத்தைச் சட்டைப்பையில் சுமந்தவர் பார்க்கவில்லை. படம் எங்கிருந்து வந்தது என்றுகூடத் தெரியாமல் கூடப் போன நான் பார்த்தேன். அவரையும் மூன்றாம் நாளுக்குப் பதில் 10-ஆம் நாள் அழைத்துப் போயிருந்தால் பார்த்திருப்பார் என்றே நம்புகிறேன்.

நான் கேட்பது ஒரே ஒரு விஷயம்தான். வரிசையை மாற்றுங்கள். நாட்களைக் கூட்டச் சொல்லவில்லை. 12 நாள் 12 நாளாகவே இருக்கட்டும். குஸ்கோவில் இறங்கியவுடன் பெட்டியை விடுதிக்குக் கொண்டுபோகாமல் நேராக வேனில் ஏற்றிப் பள்ளத்தாக்குக்கு இறக்குங்கள். ஒன்றரை இரண்டு மணி நேரப் பயணம்தான். முதல் இரவுகளை அங்கே வையுங்கள். மச்சு பிச்சுவை முதலில் முடியுங்கள். பிறகு குஸ்கோ. பிறகு, கடைசியில், மலை. மச்சு பிச்சுவுக்கு நேரம் குறித்த டிக்கெட் என்பதும், நினைத்த தேதிக்குக் கிடைக்காது என்பதும் எனக்குத் தெரியும். அதற்காக எல்லாவற்றையும் முன்கூட்டியே பதிவு செய்கிறீர்கள். அப்படிப் பதிவு செய்யும்போதே வரிசையைச் சரியாகப் போடலாமே.

அப்புறம், உயரத்தை எழுதுங்கள். முன்பணம் வாங்குவதற்கு முன்னால் எழுதுங்கள். தூங்கும் ஒவ்வொரு ஊருக்கும், நடக்கும் ஒவ்வொரு இடத்துக்கும் எத்தனை மீட்டர் என்று ஒரு எண். நாங்கள் கடற்கரைக்காரர்கள், எங்களுக்கு எண் புரியும். இங்கே புயல் சின்னம் உருவானால் துறைமுகத்தில் கூண்டு ஏற்றுவார்கள். ஒன்றாம் எண் என்றால் என்ன, பத்தாம் எண் என்றால் என்ன என்று காசிமேட்டில் படிக்காத கிழவருக்கும் தெரியும். எண்ணைப் பார்த்துவிட்டுத்தான் படகை எடுப்பதா வேண்டாமா என்று முடிவெடுப்பார்கள். வருடத்தில் 61 நாள், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, விசைப்படகுகள் கரையிலேயே நிற்கின்றன. மீன் குஞ்சு பொரிக்கட்டும் என்று காத்திருக்கிறோம். காத்திருக்கச் சொன்னால் காத்திருக்கத் தெரிந்த ஜனங்கள் நாங்கள். ஏன் என்று காரணம் மட்டும் சொல்லுங்கள்.

கிளம்பும் முன் ஒவ்வொருவரையும் மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள். அசெட்டசோலமைடு என்ற மாத்திரை இருக்கிறது. உயரத்துக்குப் போவதற்கு முந்தைய நாளே தொடங்கிப் போட்டால் உடம்பு பழகுவதைத் துரிதப்படுத்தும். ஆனால் விரல் மதமதக்கும், அடிக்கடி சிறுநீர் வரும். சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும். அதனால் மருத்துவர் எழுதிக் கொடுத்துத்தான் போட வேண்டும், பேருந்தில் பொறுப்பாளர் கையில் எடுத்துக் கொடுக்கக் கூடாது. பயணக் காப்பீட்டில் எத்தனை மீட்டர் உயரம் வரைக்கும் பணம் கிடைக்கும் என்று வரம்பு போட்டிருக்கிறார்கள், பல பாலிசிகளில் அது சின்ன எழுத்தில் இருக்கும். அதையும் படித்துச் சொல்லுங்கள். கோக்கா டீ அந்த ஊரின் பழக்கம், குடிப்பதில் தவறில்லை. ஆனால் அது நாட்களுக்கு மாற்று இல்லை. அந்த இலையை ஞாபகத்துக்கு என்று பெட்டியில் போட்டுக்கொண்டு வந்தால் இங்கே 1985-ஆம் வருடப் போதைப்பொருள் சட்டம் பாயும். எங்கள் குழுவில் ஒருவர் வாங்கி வைத்திருந்தார். கடைசி நேரத்தில் அந்த வழிகாட்டிப் பெண் சொல்லித்தான் எறிந்தார்.

உங்கள் பொறுப்பாளருக்கு ஒரு அதிகாரம் கொடுங்கள், ஒரு தடையும் போடுங்கள். ஒருவரைக் கீழே இறக்க உள்ளூர் வழிகாட்டி சொன்னால், அதை மறுத்துப் பேச உங்கள் ஆளுக்கு உரிமை இருக்கக் கூடாது. பணம் வீணாகிறதே என்ற பேச்சை அந்த இடத்தில் எடுக்கவே கூடாது. 2018 மார்ச்சில் தேனி மாவட்டத்துக் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் தீயில் சிக்கி இறந்ததை நாம் எல்லோரும் பார்த்தோம். சென்னையிலிருந்து போன பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். அது காட்டுத்தீ, இது வேறு. ஆனால் மலையைத் தெரிந்தவர் கையில் முடிவு இருக்க வேண்டும் என்பது இரண்டுக்கும் ஒன்றுதான்.

இது பெருவுக்கு மட்டும் சொல்வதாக நினைக்க வேண்டாம். உங்களில் பலர் லடாக்கும் நடத்துகிறீர்கள். லே நகரம் 3,500 மீட்டர். விமானத்தில் இறங்கியவர்கள் குறைந்தது 48 மணி நேரம் ஓய்வெடுக்க வேண்டும் என்று அங்கே அறிவுறுத்துகிறார்கள். மறுநாளே 5,359 மீட்டர் கார்துங் லாவில் நின்று படம் எடுத்த பிள்ளைகள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். கயிலாய யாத்திரைக்கு எழுபது வயதுப் பாட்டிகளை அழைத்துப் போகிறீர்கள். அந்தப் பரிக்கிரமாவில், அதாவது மலையைச் சுற்றி வரும் பாதையில், இருக்கும் டோல்மா கணவாய் 5,600 மீட்டருக்கு மேல். அவர்களுக்கும் இதே எண்களை எழுதிக் கொடுங்கள்.

நடக்க முடியாதவர்களுக்கு பால்கோயோ என்ற இடம் இருக்கிறது. அங்கேயும் நிறமலைகள், நடை குறைவு, ஏற்றம் குறைவு, கூட்டமும் குறைவு. வயதானவர்கள் உள்ள குழுவுக்கு அதைச் சொல்லலாம். ஆனால் அதுவும் 4,900 மீட்டரை ஒட்டியதுதான். நடைதான் குறையும், பழகுவதற்கான நாட்கள் குறையாது.

இன்னொன்று. இந்த மலைக்கு உலகம் வரத் தொடங்கியது 2015-க்குப் பிறகுதான். அதற்கு முன்னால் அது அல்பாக்கா மேய்ப்பவர்களின் மலை. பாம்பாசிரி என்ற சமூகத்தினர் அங்கே தலைமுறைகளாக மேய்க்கிறார்கள். பிழைப்புக்காகக் கீழே நகரத்துக்குப் போன பிள்ளைகள் சிலர் குதிரை ஓட்டத் திரும்பி வந்திருக்கிறார்கள். அந்த மலையையும் சேர்த்து ஒரு சுரங்க நிறுவனத்துக்கு உரிமம் போய், எதிர்ப்பு கிளம்பி, 2018-ல் அந்த நிறுவனம் அதைக் கைவிட்டது. வாத்துகள் இறங்கிய ஈரநிலம் ஒன்று வண்டி நிறுத்தும் இடமாகிவிட்டது. இதைக் கேட்டபோது எனக்கு எண்ணூர்தான் கண்ணில் வந்தது. அனல் மின்நிலையச் சாம்பல் படிந்த கழிவெளி, 2023 டிசம்பரில் மிக்ஜாம் மழையோடு கொசஸ்தலை ஆற்று முகத்துவாரத்தில் பரவிய எண்ணெய், வெயிலில் அந்தப் படலத்தில் தெரிந்த நிறங்கள். அந்தத் தண்ணீரில் இறங்கி வாளியால் எண்ணெய் அள்ளியவர்கள் எங்கள் சொந்தக்காரர்கள். தன் மண்ணை மற்றவர்கள் மிதித்துப் போவது எப்படி இருக்கும் என்று வடசென்னைக்குத் தெரியும். அதனால் கேட்கிறேன், அந்தக் குதிரைக்காரர்களிடம் பேரம் பேசச் சொல்லி உங்கள் ஆட்கள் எங்களைத் தூண்ட வேண்டாம். நுழைவுக் கட்டணம் அந்தச் சமூகத்துக்குப் போகிறது, அதையும் தள்ளுபடி கேட்க வேண்டாம். பாதையை விட்டு இறங்கி நிறக்கோடுகளின் மேல் நின்று படம் எடுக்கச் சொல்லவே வேண்டாம். டயர் செருப்போடு மாமாவைச் சுமந்து ஓடியவர் வழியில் ஒரு காசு கேட்கவில்லை. வேன் கதவைச் சாத்தும் வரைக்கும் மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

கல்மண்டபத்து நோட்டீஸில் முன்பணம் கட்டக் கடைசி நாள் இந்த மாதம் 30 என்று இருக்கிறது. இன்னும் நேரம் இருக்கிறது. அந்த மூன்றாம் நாள் வரியைப் பத்தாம் நாளுக்கு நகர்த்தி, பக்கத்தில் 5,036 மீட்டர் என்று போட்டு, புது நோட்டீஸ் அடித்து ஒட்டுங்கள். பழையதை நானே கிழித்துத் தருகிறேன்.

மாமா நன்றாக இருக்கிறார். காலையில் பூங்காவுக்கு வருகிறார். கைபேசி முகப்பில் இன்னும் அதே படம்தான். மருத்துவர் பார்த்துவிட்டு, மெதுவாக ஏறுவதாக இருந்தால், மருந்தோடு, யோசிக்கலாம் என்று சொல்லியிருக்கிறார். உங்களில் யாராவது மலையைக் கடைசியில் வைத்து ஒரு திட்டம் போட்டால், முதல் ஆளாகப் பெயர் கொடுக்க அவர் காத்திருக்கிறார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிரேன் ஆபரேட்டர் ஒருவர்,
ராயபுரம், சென்னை